போக நாலு, வர நாலு

வண்டி நின்ற இடத்தைவிட்டு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. சாவி விமல்ராஜின் சட்டைப் பையில் இருந்தது. ஷெட்டுக்கு இருந்த ஒரே ஷட்டரை அவன்தான் இறக்கினான், அவன்தான் பூட்டினான், மூன்று மணி நேரம் கழித்து வந்து அவனேதான் திறந்தான். பூட்டும்போது மீட்டரில் 41,306 இருந்தது. திறந்தபோது 41,314.

எட்டு கிலோமீட்டர். அவன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான். எட்டுதான்.

இத்தனைக்கும் இந்தப் புகாருக்காகத்தான் வண்டி வந்திருந்தது. ஆனால் ஒருவன் சொல்லக் கேட்பது வேறு, தன் ஷெட்டுக்குள் நடப்பது வேறு. முத்தியால்பேட்டையில் 'மீட்டர் விமல்' என்றால் ஆட்டோக்காரர்கள் முதல் பெரிய கார் வைத்திருப்பவர்கள் வரை தெரியும். வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் பலகையைப் பிரித்து, உள்ளே கடுகு அளவில் இருக்கும் சிப்பைக் கழற்றி, கெட்டதைத் தூக்கிப்போட்டு நல்லதை ஒட்டுகிற வேலை. இருபது வருஷமாக அதில் அவன் பார்க்காத கோளாறு கிடையாது. பார்க்காத கோளாறே கிடையாது என்று அவன் சொல்லிக்கொண்டு திரிவதும் உண்டு.

வண்டி ஒரு ஜெர்மன் கார். கறுப்பு. பழைய கார் வாங்கி விற்கும் ராஜவேல் கொண்டுவந்து விட்டிருந்தான். விமல்ராஜ் அவனுக்குப் போன் போட்டான்.

"ராஜவேலு, உண்மையைச் சொல்லு. மீட்டரைக் கொறைக்கச் சொல்லி யார்கிட்டயாவது குடுத்தியா?"

"எம்புள்ள மேல சத்தியமா இல்ல விமலு. கொறைச்சிருந்தா கொறைஞ்சிருக்கணும், இது ஏறுதுப்பா! வாங்கினவரு வில்லியனூர்ல வீட்டு வாசல்ல நிறுத்தினாரு, தினம் பதினெட்டு ஏறிச்சாம். வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாரு. கருவடிக்குப்பத்துல என் யார்டுல வெச்சேன், பன்னெண்டு."

"எப்போ ஏறுது? ராத்திரியிலயா?"

"ராத்திரியில ஒண்ணும் இல்ல. மதியத்துலதான்."

இடத்துக்கு ஒரு கணக்கு. விமல்ராஜுக்கு அது பிடிக்கவில்லை. கோளாறு என்றால் கண்டபடி இருக்க வேண்டும். இப்படி ஒழுங்காக இருக்கக் கூடாது. ஈரம் இறங்கியிருக்கும், இல்லையென்றால் சக்கரத்தில் இருக்கும் சென்சார் சும்மா கிடக்காமல் பொய் சொல்லும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்கேனரை மாட்டினான். சக்கரம் நாலும் நல்லபடியாக இருப்பதாக ஸ்கேனர் சொன்னது. ஒயர்கள் புதிது போல இருந்தன. அவன் மீட்டரின் கண்ணாடியில் விரலால் தட்டினான். சும்மா தட்டினான். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

மதியத்தில் புதுச்சேரி தூங்கும். ஒரு மணிக்கு ஷட்டர்கள் இறங்கத் தொடங்கினால் நாலு மணி வரைக்கும் தெருவில் நாயும் வெயிலும்தான். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பார்கள். வயிறு நிறைந்தால் கண் சொருகுவதற்குப் பிரெஞ்சுக்காரன் எதற்கு என்பது விமல்ராஜின் கட்சி. அவனும் கடையைப் பூட்டிவிட்டு முதலியார்பேட்டையில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பான். மனைவி ஹேமலதா சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குப் போய் ஆறு மணிக்குத்தான் வருவாள். மகள் சங்கவி காலேஜ் பரீட்சைக்கு லீவில் வீட்டில் இருந்தாள்.

இரண்டாம் நாள் அவன் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தான். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேர் கீழே சிமென்ட் தரையில் இன்னொரு கோடு. நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். பூட்டினான். பாதி வழி போய்ச் சந்தேகம் வந்து திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்த்தான்.

நாலு மணிக்குக் கோடு இரண்டும் நேராக இருந்தன. பேட்டரியை மாட்டியதும் மீட்டர் கண் திறந்தது. 41,322.

கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. காலையில் இல்லாத வாசனை. ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவிவிட்ட தண்ணீர் மூலையில் தேங்கிக் கிடந்தால் வருமே, அந்தப் பினாயில். அதற்கு அடியில், மறைத்தும் மறையாமல், இனிப்பாக ஒன்று. டிரைவர் சீட்டுக்குக் கீழே கால்மிதி ஈரமாக இருந்தது. அதைத் தூக்கி உதறினான். ஒரு நூல் விழுந்தது. வெள்ளைச் சணல் நூல், இரண்டு முடிச்சுப் போட்டு வளையமாகக் கட்டியது, மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எதற்கென்றே தெரியாமல் அதைத் தன் விரல் ஒவ்வொன்றிலும் மாட்டிப் பார்த்தான். எந்தக் கைவிரலுக்கும் அது பொருந்தவில்லை. சீ என்று குப்பை டின்னில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சங்கவி சொன்னாள்: "ஏம்ப்பா, மதியத்துல நீ தூங்கறப்ப பெல்லு அடிக்குது. உனக்குக் கேக்கலியா? நேத்தும் அடிச்சிது, இன்னிக்கும் அடிச்சிது. ஜன்னல் வழியா பாத்தேன், யாரும் இல்ல."

"பசங்க விளையாடுவானுங்க."

"இந்த வெயில்லயா?"

அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான். ரசம் தட்டைத் தாண்டித் தரையில் ஓடியது.

மூன்றாம் நாளும் எட்டு. அன்றைக்குச் சாயங்காலம் அவன் டாஷ்போர்டில் சாமான் வைக்கிற பெட்டியை முழுசாகக் கழற்றினான். ஏதாவது ஒயர் பின்னால் நசுங்கியிருக்கலாம் என்று தேடியவனுக்கு, பெட்டிக்கும் தகட்டுக்கும் இடையில் சிக்கியிருந்த சர்வீஸ் புத்தகம் கிடைத்தது. முதல் சொந்தக்காரர் வாங்கியபோது கொடுத்தது. தண்ணீர் பட்டு உப்பியிருந்தது. முதல் பக்கத்தில் பெயர்: விஜயராகவன். அதன் கீழே விலாசம்.

அது விமல்ராஜின் வீட்டு விலாசம்.

கொஞ்ச நேரம் அவன் அந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டே இருந்தான். கதவு எண், தெரு, முதலியார்பேட்டை, புதுச்சேரி-4. பிறகு கீழே உட்கார்ந்துவிட்டான்.

புதுச்சேரி நம்பர் எடுத்தால் வரி கம்மி. அதனால் வெளியூரில் இருக்கிற பெரிய மனுஷர்கள் பெரிய வண்டி வாங்கினால் இங்கே பதிவு செய்வார்கள். அதற்கு இங்கே ஒரு விலாசம் வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் புரோக்கர் கலியபெருமாள் வந்து, ஒரு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், ஆள் வரவும் மாட்டான் இருக்கவும் மாட்டான் என்றார். ஊரில் பாதிப் பேர் செய்வதுதானே என்று விமல்ராஜும் போட்டான். தன் வீட்டு மாடியில் விஜயராகவன் என்று ஒருவர் குடியிருப்பதாக எழுதிக்கொடுத்தான். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

ஆளை அவன் கண்ணால் பார்த்ததில்லை. கடிதங்கள் மட்டும் வரும். சின்னப் பெண்ணாக இருந்த சங்கவி அவற்றைப் பொறுக்கி வைத்து, "நம்ம வீட்டு மாமா எப்பப்பா வருவாரு?" என்று கேட்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதேபோல ஒரு மதியம், பெல் அடித்தது. தூக்கக் கலக்கத்தோடு திறந்தான். ஒரு போலீஸ்காரர், வெயிலில் முகமெல்லாம் வேர்த்து.

"விஜயராகவன்னு இங்க யாராச்சும் இருக்காங்களா? வண்டி ஒண்ணு புயல் மழையில ஏரிக்குள்ள போயிட்டுது. உள்ள ஒரு ஆளு. போனு, பர்சு எல்லாம் தண்ணியோட போச்சி. மூஞ்சி பாக்குற மாதிரி இல்ல. ஆர்.சி.யில இந்த அட்ரஸ்தான் இருக்குது."

பொய் விலாசம், பொய்க் கையெழுத்து, கோர்ட், கேஸ். ஒரே நொடியில் எல்லாம் அவன் கண்முன் வந்து நின்றது.

"இங்க அப்படி யாரும் இல்ல சார்."

"நல்லா யோசிச்சி சொல்லுப்பா. ஆஸ்பத்திரியில கால் வெரல்ல அட்டை கட்டி வெச்சிருக்காங்க. நம்பர் மட்டும் போட்டு. பேரு எழுதுற எடம் காலியா கெடக்குது. தெரிஞ்சவங்க ஒருத்தர் வந்து சொன்னா, எழுதி அவங்க ஊருக்கு அனுப்பிடலாம்."

"அட்ரஸ் மாறி வந்துட்டீங்க சார்," என்றான் விமல்ராஜ். கதவைச் சாத்தினான்.

கலியபெருமாளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அந்த ஆளின் வீடு தெரிந்திருக்கும். ஒரே ஒரு போன். அவன் போடவில்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்பாரற்ற உடல் என்று எங்கேயோ புதைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

ஏரியிலிருந்து தூக்கின வண்டி ஏலத்தில் போய், ஒயர் மாற்றி, கைமாறிக் கைமாறி இங்கே வந்து நிற்கிறது. வில்லியனூரிலிருந்து தன் வீடு ஒன்பது கிலோமீட்டர். கருவடிக்குப்பத்திலிருந்து ஆறு. இந்த ஷெட்டிலிருந்து நாலு. போக நாலு, வர நாலு. தினமும் வந்திருக்கிறது. பெல் அடித்திருக்கிறது. யாரும் திறக்காததால் திரும்பிப் போயிருக்கிறது.

ராஜவேலுக்குப் போன் போட்டான். "வண்டியை இப்பவே வந்து எடுத்துக்கோ."

"சென்னையில இருக்கேன் விமலு. நாளைக்கிச் சாயங்காலம் கண்டிப்பா எடுத்துடுறேன். என்னாச்சி, கொரலே சரியில்ல?"

நாளைச் சாயங்காலம். நடுவில் ஒரே ஒரு மதியம். அவன் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்து ஒரு முடிவுக்கு வந்தான். பேய், பிசாசு என்றால் அவனுக்கு ஒன்றும் தெரியாது, மீட்டர் தெரியும். மீட்டரையே கழற்றி வெளியே வைத்துவிட்டால் எது எப்படி ஓடும்? மகளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். அவளையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போயிருக்கலாம். ரிப்பேர் செய்கிறவனுக்கு ரிப்பேர்தான் தோன்றியது.

"சங்கவி, மதியத்துல நான் வர மாட்டேன். பெல் அடிச்சா திறக்காத."

"ஏம்ப்பா?"

"திறக்காதன்னா திறக்காத."

நாலாம் நாள். ஒரு மணிக்குத் தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எதிர் மளிகைக் கடை, பக்கத்து வெல்டிங் பட்டறை, டீக்கடை. கடைசிச் சத்தம் அடங்கியதும் அவன் தன் ஷட்டரை உள்பக்கமாக இறக்கிக்கொண்டான். கூரையில் பதித்திருந்த கண்ணாடி வழியாக ஒரு வெயில் துண்டு வண்டியின் மேல் விழுந்து கிடந்தது. மீட்டர் பலகையை அவன் காலையிலேயே கழற்றி மேஜைமேல் வைத்திருந்தான். ஒயர் இல்லை. பேட்டரி இல்லை. வெறும் கறுப்புக் கண்ணாடி. அதில் அவன் முகம் தெரிந்தது. வண்டியில் மீட்டர் இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை, பல் பிடுங்கின வாய் மாதிரி.

அவன் உட்கார்ந்தான். எழுந்தான். தண்ணீர் குடித்தான். பூட்டைப் பார்த்தான். மறுபடியும் உட்கார்ந்து ஸ்குரூடிரைவரை மேஜைமேல் உருட்டிக்கொண்டிருந்தான். சுவர்க்கடிகாரம் இரண்டரை காட்டியது. அந்தப் போலீஸ்காரர் வந்ததும் இரண்டரைக்குத்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வாசனை முதலில் வந்தது. பினாயில். அதன் அடியில் அந்த இனிப்பு.

பிறகு வண்டிக்குள் இண்டிகேட்டர் அடிக்கும் சத்தம். டிக். டிக். டிக். திரும்பப் போகிறவன் போடுகிற சத்தம்.

மேஜைமேல், ஒயரில்லாத பலகையில் வெளிச்சம் வந்தது. 41,330.

அவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். எண் மாறவில்லை. அவன் மூச்சுவிடாமல் பார்த்தான். ஒரு நிமிஷம். இரண்டு. பிறகு கடைசிச் சுழி கரைந்து ஒன்றானது. 41,331. மணிக்கூண்டைத் தாண்டியாகிவிட்டது என்று அவனுக்குள் ஏதோ சொன்னது. தினமும் ஸ்கூட்டரில் போகிற வழி. அவன் வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு கூடவே போனது. அஜந்தா சிக்னல். ஆள் இல்லாத அண்ணா சாலை. 41,332. பிறகு கடலூர் சாலை. 41,333.

நின்றது.

ரொம்ப நேரம் நின்றது. நின்றுவிட்டது என்று அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். அப்புறம் புரிந்தது. ரயில்வே கேட் போட்டிருப்பார்கள்.

போனை எடுத்தான். இரண்டு தடவை தப்பாக அழுத்தினான். மணி அடித்தது. அடித்தது.

"என்னப்பா?" தூக்கக் குரல்.

"சங்கவி. கதவு பூட்டியிருக்கா?"

"பூட்டித்தான் இருக்கு. ஏம்ப்பா இப்படி..."

மேஜைமேல் எண் மாறியது. 41,334.

போனில், மகளின் குரலுக்குப் பின்னால், பெல் அடித்தது.

"இரு, யாரோ வந்திருக்காங்க."

"திறக்காத! பாப்பா, திறக்காத!"

"ஜன்னல்ல பாக்கறேன்... பாவம்ப்பா, வெயில்ல நிக்கறாரு. நனைஞ்சாப்ல..." குரல் விலகியது. போனை எங்கேயோ வைத்த சத்தம். தூரத்தில், அவள் யாரிடமோ பேசுவது கேட்டது. "யாரு வேணும்? ... ஆமா, இந்த அட்ரஸ்தான்." வந்தவர் சொன்னது இவனுக்குக் கேட்கவில்லை. பிறகு, சின்ன வயதில் கடிதம் பொறுக்கிய அதே சந்தோஷக் குரலில்: "அட, நீங்களா! உள்ள வாங்க."

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

அவன் கத்தினான். போன் அணைந்துபோயிருந்தது. மீட்டரைப் பார்த்தான். 41,334. காத்திருந்தான். ஐந்தாகவில்லை. திரும்பி வரவில்லை. பலகையின் வெளிச்சம் மெல்ல மங்கி, அணைந்தது.

ஸ்கூட்டர். வெயில். மூடிய ஷட்டர்கள். மணிக்கூண்டு. ஒரு மனிதர்கூட இல்லை. சிக்னல் சிவப்பில் இருந்தது, அவன் நிற்கவில்லை. கேட் திறந்து கிடந்தது. தெருவில் திரும்பும்போது சறுக்கி விழுந்தான், வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். வாசலில், பழக்க தோஷம், செருப்பைக் கழற்றினான். படியில் ஈரக் காலடித் தடங்கள் இருந்தன. எல்லாம் உள்ளே போகிறவை.

பெல்லை அடித்தான். கதவைத் தட்டினான். இடித்தான்.

சங்கவி திறந்தாள். சங்கிலியை எடுக்காமல், ஒரு சாண் அகலம் மட்டும். முகத்தில் ஒன்றும் இல்லை. நன்றாக இருந்தாள். அவனுக்கு உயிர் வந்தது.

"பாப்பா..."

"யாரு வேணும்?"

"நான்தாண்டி. அப்பா."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அடிபட்டு நிற்கிற வேற்று ஆளைப் பார்த்தால் எந்தப் பெண்ணும் பார்ப்பாளே, அந்தப் பார்வை. கொஞ்சம் பயம், கொஞ்சம் இரக்கம்.

"நீங்க யாரைத் தேடறீங்க?"

"விமல்ராஜ். விமல்ராஜ் வீடு இது. என் வீடு."

"இங்க அப்படி யாரும் இல்லீங்களே."

உள்ளேயிருந்து ஒரு குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல: "யாரும்மா?"

"யாரோ அட்ரஸ் மாறி வந்துட்டாங்கப்பா."

கதவு சாத்துவதற்குள், அந்த ஒரு சாண் இடைவெளியில் அவன் பார்த்தான். அவனுடைய நாற்காலி. அவனுடைய கட்டம் போட்ட லுங்கி. நீட்டி வைத்த இரண்டு கால்கள், ஊறி வெளுத்து. வலது கால் கட்டைவிரலைச் சுற்றி ஒரு பள்ளம் இருந்தது. ரொம்ப நாள் கட்டியிருந்த நூலை இப்போதுதான் அவிழ்த்தது போல.

தாழ்ப்பாள் விழுந்தது.

விமல்ராஜ் வெயிலில் நின்றான். மறுபடியும் தட்டக் கையைத் தூக்கினான். வலது காலில் ஏதோ இறுக்கியது. குனிந்து பார்த்தான்.

கட்டைவிரலில் வெள்ளைச் சணல் நூல், இரண்டு முடிச்சு. அதில் ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் நம்பர் இருந்தது. பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.